முன்கூட்டிய ஸ்தோத்திரம்

தூத்துக்குடி
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்பு ஈவா,

நீ அங்கே சுகம்தானே? இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். கொல்லைப்புற முருங்கை மட்டும் காற்றில் சாய்ந்துவிட்டது. அம்மா அதன் கீரையை உருவித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு, எனக்கும் மூன்று வேளை அதையே போடுகிறாள்.

"போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு வாக்கியம் பேசிவிடுகிறீர்கள். இனிமேல் எழுதுங்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது" என்று போன வாரம் சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு, சரி என்று இந்தத் தாளை எடுத்தேன். நமக்கு நிச்சயமான புதிதில் எழுதியதோடு சரி, அதன்பிறகு நான் கையால் எழுதுவதெல்லாம் ஆபீஸில் கையெழுத்து மட்டும்தான். எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். சிரிக்காதே.

இன்று ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபைச் செயலர் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஏலே டெரன்ஸ், எம்.டி.எச்.னா தீசிஸ் மட்டுந்தானல எழுதணும்? அதுக்குப் போயி பரீட்சை வைக்கானுவளா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். நம் சபையிலிருந்து இறையியலில் எம்.டி.எச். படிக்கப் போன முதல் பெண் நீ. உன் புருஷனுக்கு அது என்ன படிப்பு என்று தெரியவில்லை என்றால் வெட்கம்தானே? மார்ச் மாதத்தில் எபிரெயத் தேர்வு போனது எனக்குத் தெரியும். நீ கேட்டுக்கொண்டபடி யாரிடமும் மூச்சு விடவில்லை, அம்மாவிடம்கூட. ஆனால் அது போனால் என்ன, வந்தால் என்ன என்பது விளங்கவில்லை. விதிமுறையை எனக்குப் புரிகிற மாதிரி எழுது. கிளியரிங் ஆபீஸில் கஸ்டம்ஸ் விதிகளோடு இருபது வருஷம் மல்லுக்கட்டுகிறவனுக்கு உங்கள் விதியா புரியாது?

"அங்கன குளிருமே, சால்வையப் போத்துதாளா இல்லையான்னு கேளு" என்று அம்மா சொல்லுகிறாள். கேட்டுவிட்டேன்.

உன்
டெரன்ஸ்


பெங்களூரு
22 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கோழி கிளறியது வந்து சேர்ந்தது. சிரித்தேன், மன்னியுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் நிச்சயம் முடிந்த நாட்களின் ஞாபகம் வந்துவிட்டது. போனில் கேட்கிற குரலைவிட இந்தக் கடிதத்தில் இருக்கிற ஆள் எனக்குப் பிடித்தவராக இருக்கிறார். சால்வை போர்த்துகிறேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

விதிமுறை கேட்டீர்கள். எங்கள் கல்லூரியில் இப்படி. பழைய ஏற்பாட்டில் எம்.டி.எச். செய்கிறவர்கள் எபிரெய மொழித் தகுதித் தேர்வில் தேற வேண்டும். நூற்றுக்கு ஐம்பது. அகராதி இல்லாமல் ஒரு உரைநடைப் பகுதியும் ஒரு கவிதைப் பகுதியும் மொழிபெயர்க்க வேண்டும், வினைச்சொற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். இதைத் தேறினால்தான் மற்றத் தாள்கள் செல்லும். அவை முடிந்தால்தான் ஆய்வேடு எழுத அனுமதி. கடைசியில் இரண்டு தேர்வாளர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. எபிரெயத்துக்கு மூன்று வாய்ப்புத் தருகிறார்கள். மூன்றிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள்.

ஒன்று போய்விட்டது. அடுத்தது ஆகஸ்டில்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு இங்கே கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவள். எல்லாரும் அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மார்ச்சில் முடிவு ஒட்டியபோது தேறினவர்களின் எண்களில் அக்காவின் எண் மட்டும் இல்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் யாரும் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. என்மேல் இரக்கப்பட்டு வேறு எதையெதையோ பேசினார்கள். அதற்குப் பதில் கேலி செய்திருக்கலாம்.

ஆனாலும் நான் எடுத்திருக்கிற பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. முறையீட்டுச் சங்கீதங்கள். கர்த்தாவே எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று ஒருவன் அழுதுகொண்டே இருப்பான். திடீரென்று நடுவில், ஒன்றுமே மாறாதபோதே, ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அந்தத் திருப்பம் எப்படி வருகிறது, அதற்குள் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. இதை மூலமொழியில் வாசிக்காமல் எழுத முடியாது.

எனக்காக ஜெபியுங்கள். வீட்டில் மட்டும்.

அன்புடன்
ஈவா


தூத்துக்குடி
27 ஆகஸ்ட் 2024

என் ஈவா,

"நன்றாக எழுதியிருக்கிறேன்" என்று புதன்கிழமை நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸில் இருப்புக்கொள்ளவில்லை. பார்ட்டி ஒருத்தர் தன் கன்டெய்னர் ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். மனுஷன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நல்ல விஷயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தேன். சீட்டில் காரணம் என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது உன் கடிதம் ஞாபகம் வந்தது. சங்கீதக்காரன் ஒன்றும் நடக்காதபோதே ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறான் என்று நீதானே எழுதினாய்? போன மாதம் கன்வென்ஷனில் பேசினவரும் அதைத்தான் சொன்னார். தருவார் என்று எழுதுவது அரை விசுவாசம், தந்துவிட்டார் என்று எழுதுவதுதான் முழு விசுவாசம் என்றார். அதனால் "என் மனைவி ஈவாஞ்சலின் எம்.டி.எச். எபிரெயத் தேர்வில் வெற்றி பெற்றதற்காக" என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செயலர் அண்ணாச்சி அதை மைக்கில் வாசித்தார் ஈவா. முன்வரிசையில் பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது எத்தனை பேர் கைகொடுத்தார்கள் தெரியுமா! "ரிசல்ட் வந்துட்டாப்பா?" என்று ஒருத்தர் கேட்டார். "வந்த மாதிரிதான் அண்ணாச்சி" என்றேன். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்போதே பார்ட்டியிடம் கப்பல் வந்தாச்சு என்று சொல்லுகிறவர்கள்தானே நாங்கள். அந்த வாய் சும்மா இருக்குமா?

குருவானவர் ஐயரும் வாழ்த்தினார். கிறிஸ்மஸ் லீவில் நீ வரும்போது பெண்கள் ஞாயிறு வைத்து உன்னைப் பிரசங்கிக்கச் சொல்லலாம் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ரிசல்ட் வந்ததும் உடனே சொல்.

உன்
டெரன்ஸ்


பெங்களூரு
3 செப்டம்பர் 2024

அத்தான்,

ரிசல்ட் நேற்று வந்தது. நாற்பத்து நாலு. தேறவில்லை.

உரைநடை சரியாக வந்தது. கவிதையில் வினைச்சொற்கள் என்னைக் கவிழ்த்துவிட்டன. நன்றாக எழுதியதாக நான் நினைத்தது என் அறியாமை. அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் வந்தது.

சங்கீதக்காரன் முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்கிறான். உண்மை. ஆனால் குழியில் கிடப்பவன் அவன்தான். அழுகையும் அவனுடையது, ஸ்தோத்திரமும் அவனுடையது. மேலே கரையில் நிற்கிற ஒருவர் அவனுக்காகச் சீட்டு எழுதிக் கொடுத்ததாக எந்தச் சங்கீதத்திலும் நான் படிக்கவில்லை. என் ஆய்வுப் பொருளை எடுத்து எனக்கே கண்ணி வைத்துவிட்டீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த அந்த வாரமே "கர்ப்பத்தின் கனிக்காக" என்று எழுதிக் கொடுத்தீர்கள். நாள் போகட்டும் என்று சொல்ல எனக்கு நேரமே தரவில்லை. மைக்கில் வாசித்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளை தங்கவில்லை. ஸ்தோத்திரத்தை மைக்கில் கேட்ட சபைக்கு, பிள்ளை போனதை மைக்கில் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியிடமும் நானே சொல்ல வேண்டியிருந்தது. மாதங்கள் கழித்து ஒருத்தி கோயில் வாசலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன ஏளா, இன்னும் வெளியவே தெரியலியே" என்றாள். அவளுக்கும் நான்தான் பதில் சொன்னேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது மறுபடியும். நவம்பர் கடைசியில் மூன்றாவது வாய்ப்பு, அதுதான் முடிவு. அந்தப் பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தக் கோயிலுக்குள் வருவேன்? பெண்கள் ஞாயிறில் எந்த முகத்தோடு நிற்பேன்?

எனக்கு உங்கள்மேல் இவ்வளவு கோபம் இருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஈவாஞ்சலின்


தூத்துக்குடி
16 செப்டம்பர் 2024

அன்பு ஈவா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரித்துவிட்டேன். அது தப்பு. பாதியில் எழுந்து வெளியே போய் லாரிகளுக்கு நடுவில் நின்று மீதியை வாசித்தேன். செருப்பு விஷயம் வந்த இடத்தில் காகிதத்தை மடித்துவிட்டேன். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். "அந்தப் பொய்யோடு எப்படி வருவேன்" என்று கேட்டிருந்தாய். அதையே பிடித்துக்கொண்டேன். பொய்யைப் போட்டவன் நான், எடுக்க வேண்டியவனும் நான். எங்கே சொன்னேனோ அங்கேதானே திருத்த வேண்டும்?

நேற்று ஸ்தோத்திரங்கள் வாசிக்கும் நேரத்தில் எழுந்து முன்னால் போனேன். செயலர் அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டேன். "சபையோர் மன்னிக்கணும். போன மாசம் எம் பேர்ல வாசிச்ச ஸ்தோத்திரம் உண்மையில்ல. ரிசல்ட் வாரதுக்கு முன்னாலயே நான் எழுதிக் குடுத்துட்டேன். எம் பெண்டாட்டி தேர்வுல தேறல. ரெண்டாந்தடவையும் தேறல. தப்பு எம்மேலதான், அவளுக்கு இதுல ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். ரெண்டாந்தடவை என்பதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. நாக்கில் வந்துவிட்டது.

ஐயர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்து உனக்காக நீண்ட ஜெபம் செய்தார். புதன்கிழமை உபவாச ஜெபத்திலும் உன் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அம்மா, "இனி எப்படில நான் பெண்கள் சங்கத்துக்குப் போவேன்? அன்னைக்கு அழுத மூஞ்சிய எங்கன வச்சிக்கிடுவேன்?" என்று கேட்டாள். அவள் சாப்பிடவும் இல்லை.

வெட்கத்தில் எனக்குக் காது கூசுகிறது. ஆனால் பொய் இப்போது இல்லை ஈவா. உனக்கு வழி சுத்தமாக இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வா.

உன்
டெரன்ஸ்


பெங்களூரு
23 செப்டம்பர் 2024

அத்தான்,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். உங்கள் சபையின் ஆராதனை யூட்யூபில் நேரலையாகப் போகிறது என்பதை மறந்துவிட்டீர்களா? யாரோ நீங்கள் பேசியதை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். இங்கே மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு அவளுடைய சித்தி அனுப்பியிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் இட்லித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அண்ணன் ரொம்ப உண்மையானவங்க" என்றாள். மேசையில் இருந்த எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். மத்தியானம் என் பேராசிரியரே, "ஊரில் எல்லாரும் ஜெபிக்கிறார்களாமே" என்றார்.

கல்லூரிக்கு வெளியே மார்ச் மாதத் தோல்வி நம் இருவருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது துபாயில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

முதலில் பொய் சொல்லி என்னை வெட்கப்படுத்தினீர்கள். பிறகு உண்மையைச் சொல்லி வெட்கப்படுத்தினீர்கள். இரண்டு தடவையும் மைக் உங்கள் பக்கம்தான் இருந்தது. சபையிடம் சொன்னீர்கள், கர்த்தரிடம் சொன்னீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? "ஈவா, இப்படிச் செய்யட்டுமா" என்று ஒரு மெசேஜ். அதுகூட முடியவில்லையா?

நவம்பர் தேர்வு முடியும்வரை எனக்கு எழுத வேண்டாம். போனும் வேண்டாம். நானும் எழுதமாட்டேன். தேறாவிட்டால் இங்கிருந்து போக வேண்டும். எங்கே போவேன் என்று இப்போது தெரியவில்லை. அந்த வீட்டுக்குத்தான் வருவேன் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அத்தையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஈவாஞ்சலின்


பெங்களூரு
9 டிசம்பர் 2024

அத்தான்,

தேறிவிட்டேன். அறுபத்து மூன்று.

பலகையில் என் எண்ணைப் பார்த்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. முதலில் ஞாபகம் வந்தது உங்கள் முகம்தான். அதற்காகவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தாளை எடுத்தேன்.

இனிமேல் தாள்கள், ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. எதற்கும் பயமில்லை. வெட்கப்பட வேண்டிய அளவுக்கு வெட்கப்பட்டாகிவிட்டது.

நீங்கள் எழுதாமலும் போன் செய்யாமலும் இருந்தீர்கள். உண்மையில் நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வாரமும் வார்டன் அறையில் கடிதங்களைப் பார்ப்பேன். உங்கள் எழுத்து இருக்காது. நிம்மதியாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை. நூலகத்தில் வேலை இருக்கிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள். வேலை இருப்பது உண்மை. அது மட்டும் காரணமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தச் செய்தியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டபிறகு நீங்கள் சொன்னால் அது இன்னும் வலிக்கும். சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள்.

ஈவா


தூத்துக்குடி
17 டிசம்பர் 2024

அன்பு ஈவா,

கடிதம் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம். இதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

இங்கே நல்ல மழை. தெருவில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நின்று வடிந்தது. வீட்டுக்குள் வரவில்லை. ஹார்பரில் இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அம்மா கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பார்சல் அனுப்பச் சொன்னாள், நாளைக்குப் போடுகிறேன். உடையாமல் வந்தால் சொல். உடைந்து வந்தாலும் சொல்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அன்று கோயில் வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். தேடவில்லை ஈவா. செருப்பு காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. நிமிர்ந்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் குனிந்தே நின்றேன். நீ சொல்லி முடித்தபிறகுதான் நிமிர்ந்தேன். இரண்டு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தபோது எனக்கு இந்த ஒன்றைத்தான் எழுத வேண்டும்போல் இருந்தது. இதை எந்த மைக்கிலும் சொல்லித் தீர்க்க முடியாது என்று தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சால்வை.

டெரன்ஸ்


பெங்களூரு
6 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அச்சுமுறுக்கு பாதி உடைந்துதான் வந்தது. உடைந்ததை நான் தின்றுவிட்டு, முழுசாக இருந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அத்தை போன் செய்தார்கள். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மாடியில் நின்று பேசுவதாகச் சொன்னார்கள். எடுத்த எடுப்பில் அழுகை. "ஏளா ஈவா, படிப்பு போனா போகட்டும். நீ அங்கன ஒத்தையில கெடந்து வேதனப்படாத. இங்கன வந்துரு. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. சங்கத்துல எவளாது வாயத் தொறந்தா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? தேறியிருந்தா அவன் சும்மா இருப்பானா? ஊரையே கூப்பிட்டுச் சொல்லியிருப்பாமுல்லா? கிறிஸ்மஸுக்கும் ஸ்தோத்திரம் கொடுக்கல. புது வருஷ ஆராதனைக்கு செயலர் வந்து சீட்டு எங்கலன்னு கேட்டிருக்காரு. இல்ல அண்ணாச்சின்னுட்டான். ஆளாளுக்கு வந்து தோளத் தட்டிட்டுப் போறாவ. அவன் மண்டையக் குனிஞ்சிட்டே நிக்கான். வீட்டுல நான் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கான். அவனப் பாத்தா பாவமா இருக்கு ஏளா" என்றார்கள்.

அத்தான், நான் சொல்லாதீர்கள் என்று கேட்கவே இல்லையே. சொல்லிக்கொள்ளுங்கள் என்றுதானே எழுதினேன்.

என் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸ் ஆராதனையை இங்கே யூட்யூபில் பார்த்தேன். பாட்டுக்காகவும் பிரசங்கத்துக்காகவும் இல்லை. ஸ்தோத்திரங்கள் வாசிக்கும் இடம் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பெயர் வந்ததும் மூடிவிட வேண்டும், பிறகு உங்களுக்கு எழுதவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் வரவில்லை. பட்டியல் முடிந்தது, பாட்டு ஆரம்பித்தது. அப்போதும் நான் உங்களை நம்பவில்லை. கோயிலில் கொடுக்கவில்லை, ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருப்பார், அத்தையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். நீங்களோ, நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து எல்லாரும் தோளைத் தட்டுவதை வாங்கிக்கொண்டு அங்கே நின்றிருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஒரு வருஷத்தில் நான் பட்ட வெட்கங்களிலேயே இதுதான் பெரியது.

செருப்பைப் பற்றி எழுதியதைப் பல தடவை வாசித்தேன். அதற்கு இதில் பதில் இல்லை. அது நேரில் பேச வேண்டியது. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். உட்கார்ந்து பேசலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். பொங்கல் முடிந்துதான் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கோயிலுக்கு வருவேன். என் பெயரை வாசிக்கலாமா வேண்டாமா என்று அன்று காலையில் என்னைக் கேளுங்கள். என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்றும் சொல்லலாம். நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அத்தையிடம் போனில் நான் உண்மையைச் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது. இத்தனை நாள் நீங்கள் தனியாகச் சுமந்ததை நான் இறக்கிவைத்தால் சரியாக இருக்காது என்று தோன்றியது. அதனால் இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். இப்போது நான் கேட்கிறேன், நான் தேறிவிட்டதை நீங்களே போய் அவர்களிடம் சொல்லுங்கள். நான் தோற்றுவிட்டேன் என்று அத்தை எனக்காக உபவாசம் இருக்கிறார்களாம். முதலில் அவர்களைச் சாப்பிட வையுங்கள்.

உங்கள்
ஈவா